நிப்பாட்டு அக்கா வெட்டிய மேசைக்கால்கள்

சம்பளம் வாங்கிக்கொண்டு மற்றவர்களை வேலை செய்யவிடாமல் தடுத்த மனுஷி உலகத்திலேயே ஒருத்திதான் இருந்திருப்பாள். அவள் பாளையங்கோட்டையில் எங்களோடு இருந்தாள். எங்களை மேற்பார்வை பார்க்கவென்று முதலாளி அவளை வைத்திருந்தார். அவள் பார்த்ததெல்லாம், எங்களில் எவளாவது தப்பித்தவறி அதிகம் வேலை செய்துவிடுகிறாளா என்பதைத்தான்.

ஞானஸ்நானத்தில் அவளுக்கு வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பள நாளன்று மட்டும் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் எங்களுக்கும், கீழே பாத்திரக்கடைக்காரருக்கும், எதிர்த்த டீக்கடைக்கும் அவள் ‘நிப்பாட்டு அக்கா’.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. கம்ப்யூட்டர் படித்தால் அமெரிக்கா போகலாம் என்று ஊரெல்லாம் பேச்சு. படித்துவிட்டு நான் போக முடிந்த தூரம், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த பாத்திரக்கடையின் மாடி. அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டர். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை விழா நோட்டீஸ், கல்லூரிக்காரர்களின் ஆய்வேடு எல்லாம் அடித்துக் கொடுப்போம். வேலைக்கு நாங்கள் பெண்பிள்ளைகள் மட்டுமே. ஒரே ஒரு மின்விசிறி இருந்தது. அது கம்ப்யூட்டர்களைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

முதலாளி அம்பாசமுத்திரத்துக்காரர். எல்லாரும் அண்ணாச்சி என்போம். அரிசி ஆலை நடத்திக்கொண்டிருந்தவர், காலம் மாறுகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆலையை விற்றுவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கினார். காலம் மாறியதே தவிர அண்ணாச்சி மாறவில்லை. ஒரு பக்கம் நெல்லைக் கொட்டினால் மறுபக்கம் அரிசி விழ வேண்டும். கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்று நம்பினார். வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு மானிட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டுவார். குங்குமம் திரைக்கு நட்டநடுவில் இருக்கும். அதைத் துடைக்கக் கூடாது. ஆகையால் சனிக்கிழமை அடித்த பத்திரிகைகளில் மாப்பிள்ளை பெயர் தப்பாக இருந்தால், அதில் எங்கள் குற்றம் எதுவும் கிடையாது.

“கரண்டு இருக்கும்போதே அடிச்சிருங்க பிள்ளைகளா” என்பதுதான் அவருடைய ஒரே தொழில் கொள்கை.

இப்படிப்பட்டவரிடம்தான் நிப்பாட்டு அக்கா வேலைக்கு வந்தாள்.

ராதாபுரம் தாண்டிப் பனங்காட்டுக்கு நடுவே போனால் கடல் வரும். அந்தக் கடலோரத்து ஊர் அவளுக்கு. அப்பாவும் அண்ணனும் மீன் பிடிக்கிறவர்கள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நல்ல உயரம், எலும்பும் தோலுமான உடம்பு. அந்த உடம்புக்குள் அந்தக் குரலை யார் வைத்தார்களோ தெரியாது. ஒரு வள்ளத்திலிருந்து இன்னொரு வள்ளத்துக்கு அலைக்கு மேலே கூப்பிட்டுப் பழகிய வம்சம். நாங்கள் மும்முரமாக அடித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து திடீரென்று வெடிக்கும்:

“நிப்பாட்டு!”

உடனே எல்லாரும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். ஈரக் கையை உதறுகிற மாதிரி உதற வேண்டும். விரல்களை விரித்து மடக்க வேண்டும். தோளைச் சுழற்ற வேண்டும். பிறகு சன்னல் வழியாகத் தூரத்துக் கோயில் கோபுரத்தையும் மாதா கோயில் உச்சியையும் கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்க்க வேண்டும். எந்தச் சாமியைப் பார்ப்பது என்பது அவரவர் விருப்பம். அதற்கப்புறம் குரல் இறங்கும். “ம். இனி பைய அடிங்க.”

ஒருநாள் அந்தக் குரலுக்குத் தெருவில் போன டவுன் பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி அண்ணாந்து பார்த்தார்.

“யாரும்மா நிப்பாட்டச் சொன்னது? எறங்கணுமா, ஏறணுமா?”

அக்கா சன்னலில் தலையை நீட்டினாள். “ரெண்டும் இல்லண்ணே. நின்னதுதான் நின்னீய, டிரைவரண்ணன ஒரு தடவ கைய ஒதறிக்கிடச் சொல்லுங்க. அவரும் காலையிலேருந்து ஸ்டேரிங்கப் பிடிச்சுக்கிட்டுத்தான இருக்காரு?”

டிரைவர் உண்மையிலேயே கையை உதறினார். பின்னால் நின்ற லாரிக்காரன் சொன்ன வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

அப்புறம் முறுக்கு. அடிக்கும்போது மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றக் கூடாது, கை முழங்கையிலிருந்து விரல் வரை நேராக நிற்க வேண்டும் என்பது அவளுடைய சட்டம். நாங்கள் ஊன்றிவிடுவோம். ஒருநாள் ஒரு பொட்டலத்தோடு வந்து ஒவ்வொருத்தியின் மேசை விளிம்பிலும் ஒரு கைமுறுக்கை வைத்தாள்.

“கைய ஊனுனா இது ஒடையும். சாயங்காலம் ஒடையாம இருந்தா அத நீங்களே தின்னுக்கிடலாம்.”

முதல் நாள் ஒரு முறுக்கும் மிஞ்சவில்லை. ஆனால் எறும்புகளுக்குச் செய்தி போய்விட்டது. மறுநாள் கீபோர்டுகளுக்குள் எறும்புகள் குடும்பத்தோடு குடியேறின. ‘க’வை அழுத்தினால் ஓர் எறும்பு வெளியே வந்து பார்த்துவிட்டுப் போகும். அண்ணாச்சி கொதித்துவிட்டார்.

“ஏம்மா, நான் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துதேனா, பலகாரக்கடை நடத்துதேனா?”

“நீங்க மில்லு நடத்துதிய அண்ணாச்சி. அதான் பிரச்சினை” என்றாள் அக்கா.

அவளுக்கு அவர்மேல் பயமே இல்லாதது எங்களுக்கு ஆச்சரியம். இன்னொன்றும் ஆச்சரியம். அவள் ஒருபோதும் கீபோர்டைத் தொட்டதில்லை. டீ வந்தால் கிளாசைக் கையில் எடுக்க மாட்டாள்; மேசையில் இருக்கிறபடியே குனிந்து உறிஞ்சுவாள். பம்பாயில் இருந்துவிட்டு வந்தவள், அங்கத்திய நாகரிகம் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டோம். அவளைப்போல் குனிந்து டீ குடித்துக் காட்டுவதில் எங்களுக்குள் போட்டியே நடந்தது.

இனி மேசைகளுக்கு வருகிறேன். அவை ஆலையில் நின்றுகொண்டே கணக்கு எழுதுவதற்காகச் செய்த தேக்கு மேசைகள். நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் கீபோர்டு நெஞ்சுக்கு நேரே வரும். தோளைத் தூக்கிக்கொண்டுதான் அடிக்க முடியும். கூடம் முழுக்க, ஆணியில் மாட்டிய சட்டைகள் வேலை செய்வதுபோல் இருப்போம். சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியாது. கூப்பிட்டால் உடம்போடு திரும்புவோம்.

கால்களைக் கொஞ்சம் வெட்டச் சொல்லி அக்கா பல தடவை கேட்டாள். “தேக்கும்மா! எங்க அய்யா காலத்து மேசை!” என்பதோடு அண்ணாச்சி முடித்துக்கொள்வார். அந்த ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு விரதமிருக்க அவர் திருச்செந்தூர் போனார். அவர் ஏறிய பஸ் கண்ணுக்கு மறைந்திருக்காது, அக்கா ஓர் ஆசாரியோடு மாடியேறி வந்தாள்.

ஆசாரி மேசையைத் தடவிப் பார்த்தார். “யக்கா, அசல் தேக்கு. ரம்பம் வைக்க மனசு வரமாட்டேங்கு.”

“இந்தப் பிள்ளையளுக்குக் கையி போனா மட்டும் மனசு வருமா? வையுங்க ரம்பத்த.”

எங்களை ஒவ்வொருத்தியாக நாற்காலியில் உட்கார வைத்து, தோளைத் தொங்கவிடச் சொல்லி, முழங்கை மடங்கி நிற்கும் இடத்தை மேசைக்காலில் குறித்துக்கொடுத்தாள். குள்ளமானவர்களுக்குக் காலடியில் செங்கல். மேசை இறங்கியதும் மானிட்டரும் கூடவே இறங்கிவிட்டது. அதைக் கண்ணுக்கு நேரே கொண்டுவர, கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடுகிறவரிடமிருந்து மணைப்பலகைகள் வந்தன. சந்தனம் குங்குமத்தோடு மானிட்டர்கள் மணையில் மாப்பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தன.

சூரசம்ஹாரம் முடிந்து அண்ணாச்சி திரும்பினார். வாசலில் நின்று கூடத்தைப் பார்த்தார். ஒரு மேசையருகே போய் நின்று பார்த்தார். தன் காலைக் குனிந்து பார்த்தார்.

“வெரதம் இருந்தா மெலிவாங்கன்னு சொல்லுவாங்க. நான் என்ன வளந்துட்டனா?”

மூலையில் அடுக்கியிருந்த தேக்குத் துண்டுகள் அப்போதுதான் கண்ணில் பட்டன. அவர் போட்ட சத்தத்துக்கு அன்றைக்கும் ஒரு பஸ் நின்றிருக்க வேண்டும். “நாளையிலேருந்து இந்தப் படி ஏறாத!” என்று அக்காவை அனுப்பிவிட்டார்.

மறுநாளே கூப்பிட்டனுப்ப வேண்டியதாயிற்று. சென்னையிலிருந்து ஒரு பெரிய வேலை வந்து இறங்கியிருந்தது. வாக்காளர் பட்டியல். ராதாபுரம், அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம் என்று ஊர் ஊராகக் கையால் எழுதிய கட்டுகள். அவ்வளவையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அந்தக் கையெழுத்துகளை எங்களில் யாராலும் படிக்க முடியவில்லை. ஒரு தெரு முழுக்க இசக்கி. இசக்கியம்மாள், இசக்கிமுத்து, இசக்கிப்பாண்டி. எது பெண், எது ஆண், எது அப்பா, எது வீட்டு எண் என்று புரியாமல் விழித்தபோது, அக்காவை விட்டால் வேறு வழியில்லை என்று அண்ணாச்சிக்குப் புரிந்தது. அவள் பம்பாயில் இதே வேலையாக எத்தனையோ கிறுக்கல்களைப் படித்தவள்.

அக்கா வந்தாள். கட்டுகளைப் புரட்டிப் புரியாத இடங்களை வாசித்துக் காட்டினாள்; கையெழுத்து எங்களுக்கும் பிடிபட்டது. நாங்கள் அடித்தோம். சிரிப்பெல்லாம் அதோடு முடிந்தது.

இந்த வேலைக்கு மாதச் சம்பளம் கிடையாது, அடிக்கிற பெயருக்கு ஏற்பக் கூலி என்று அண்ணாச்சி அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து யார் காதிலும் ‘நிப்பாட்டு’ விழவில்லை. அவள் கத்துவாள், விரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் தடவை அப்படி நடந்தபோது அவள் கூடத்தின் நடுவில் நின்று எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தோம். திட்டவில்லை.

எங்களில் வேகமானவள் முத்து. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தினமும் ரயிலில் வருவாள். அவள் அப்பா வாழைத்தார் சுமக்கிறவர். தார் சுமந்து சுமந்து இடுப்பு போய்ப் படுத்துவிட்டார். வீட்டில் உலை கொதிப்பது முத்துவின் விரல்களால். டைப்ரைட்டரில் பழகியவள் ஆகையால் ஒவ்வொரு எழுத்தையும் குத்துவாள். தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் இருக்கும்.

“ஏட்டி, தொட்டாப் போதும் அதுக்கு. நீ என்ன மொளகா இடிக்கியா?” என்பாள் அக்கா.

“வேகமா இடிச்சாத்தானக்கா வேகமா கொழம்பு வைக்கலாம்?” என்று முத்து சிரிப்பாள். எல்லாரையும்விட நன்றாக அக்காவின் குரலை எடுத்துக் காட்டுகிறவளும் அவள்தான்.

கார்த்திகை மழை ஆரம்பித்த சமயம். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது முத்துவின் டிபன் பாக்ஸ் மூடி கைதவறி விழுந்தது. எடுத்தாள். மறுபடியும் விழுந்தது. இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எதுவும் நடக்காததுபோலச் சாப்பிட்டாள். சோற்றைப் பிசையாமல் சும்மா அள்ளினாள். நான் அதைக் கவனித்தேனே தவிர அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது. சாப்பாடு முடிந்ததும் முத்துவை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என்னையும் வரச் சொன்னாள்.

“எந்த வெரலு?”

“ஒண்ணுமில்லக்கா.”

“எந்த வெரலுன்னு கேக்கேன்.”

முத்து வலது கையை நீட்டினாள். “பெருவெரலும் பக்கத்து ரெண்டும். மரத்துப் போவுது. ராத்திரி ஊசி குத்துத மாதிரி இருக்கு. ஒதறுனாச் சரியாயிரும்.”

“சரியாவாது.”

“அது ஒங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?” முத்து வெடுக்கென்று கேட்டாள். “அடிக்காதன்னு சொல்லுதது லேசு. நான் அடிக்கலைன்னா எங்க வீட்டுல ஒல வைக்க முடியாது.”

“ஒல வைக்கவும் கையி வேணும்லட்டி?”

அப்படிச் சொல்லிவிட்டு அக்கா படியில் உட்கார்ந்தாள். தன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்தாள். அவ்வளவு நாள் கூட இருந்தும் அந்தக் கைகளை அன்றைக்குத்தான் நான் சரியாகப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே சதை மேடாக இருக்க வேண்டிய இடம் குழிந்து கிடந்தது. மணிக்கட்டில் கத்தி வைத்த தழும்பு.

“பம்பாயில என்னைய விட வேகமா அடிக்க ஆளு கெடையாது. மொதல்ல வெரலு மரத்துச்சு. ஒதறிட்டு அடிச்சேன். பெறவு ராத்திரி எந்திரிச்சு ஒதறுனேன். ஒரு டாக்டரு சத்து மாத்திர குடுத்தாரு. தின்னுட்டு அடிச்சேன். ஒரு நா பிள்ளையக் குளிப்பாட்டித் தூக்குனேன். தூக்கிட்டேன்னுதான் நெனச்சேன். கையில இருக்கா, இல்லையான்னு கையிக்குத் தெரியலை. கீழ கெடந்து அழுதுச்சு.”

“ஐயோ! பிள்ளைக்கு என்னாச்சுக்கா?” என்று நான் கேட்டுவிட்டேன்.

“நெத்தியில பொடப்பு. வேற ஒண்ணுமில்ல, மாதா காப்பாத்துனா. ஆனா அதுக்குப் பெறவு மாமியா பிள்ளைய எங்கையில தரலை. வீட்டுக்காரரும் தரலை. ஆப்பரேசன் பண்ணுன டாக்டருதான் சொன்னாரு, மேசை ஒசரமா இருக்கப்புடாது, மணிக்கட்டு வளையப்புடாது, நடுவுல நடுவுல நிப்பாட்டணும்னு. எல்லாம் முடிஞ்ச பெறவு சொன்னாரு. எங்க அண்ணன் வந்து ஊருக்குக் கூட்டிட்டு வந்துட்டான். பிள்ள அங்கனதான் இருக்கு. இப்பம் பள்ளிக்கூடம் போவும்.”

முத்து அழவில்லை. தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்த்து விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா நேரே அண்ணாச்சியிடம் போனாள். முத்துவை வாசிக்கிற வேலைக்கு மாற்றுங்கள், கை குணமாகும்வரை அடிக்க வேண்டாம், கூலியைக் குறைக்க வேண்டாம் என்றாள்.

“முடியாத பிள்ள வீட்டுல இருக்கட்டும்மா. அந்த எடத்துக்கு நாளைக்கே வேற ஆளு வருவா.”

“வேற ஆளு வேண்டாம். அந்த எடத்துல நான் உக்காருதேன். கூலிய அவளுக்கே குடுங்க.”

அண்ணாச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஒனக்கு டீக்கிளாசையே பிடிக்க முடியாது.”

அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இந்தக் கைகளுக்கு வேறு யாரும் வேலை தர மாட்டார்கள் என்பதும் தெரிந்துதான் அவளைக் குறைந்த சம்பளத்துக்கு வைத்திருக்கிறார். எங்கள் எல்லாருக்கும் அது ஒரே நேரத்தில் உறைத்தது.

“கிளாசத்தான பிடிக்க முடியாது? பென்சிலப் பிடிப்பேன்” என்றாள் அக்கா.

மறுநாள் ரப்பர் வைத்த பென்சில்களோடு வந்தாள். இரண்டு முஷ்டியிலும் ஒவ்வொன்றாகச் செருகி, ரப்பர் முனை கீழே வருகிறபடி கைக்குட்டையால் என்னைக் கட்டச் சொன்னாள். முத்து பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க, அக்கா கோழி கொத்துவதுபோல் ஒவ்வோர் எழுத்தாகக் கொத்தினாள். சில எழுத்துகளுக்கு ஷிப்ட் சாவியையும் சேர்த்து அமுக்க வேண்டும். அதை அமுக்கிப் பிடித்திருக்க அவள் கைக்குப் பலமில்லை. குனிந்து நாடியால் அமுக்கினாள். ஓர் ‘இசக்கியம்மாள்’ முடிவதற்குள் நாடி சிவந்துவிடும். அவள் போகிற வேகத்தில் ஸ்ரீவைகுண்டம் முடிவதற்குள் அடுத்த தேர்தலும் அதற்கடுத்த தேர்தலும் வந்துவிடும் போலிருந்தது. அந்த வாக்காளர்களில் பாதிப் பேர் சிவலோகம் போயிருப்பார்கள்.

சிரிக்க வேண்டிய காட்சிதான். யாரும் சிரிக்கவில்லை. முத்து கட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாசிப்பாள். “என்னட்டி, அந்தாளு பேரு அவ்வளவு சோகமாவா இருக்கு? சத்தமா வாசி” என்று அக்கா அதட்டுவாள். நடுவில் பென்சிலை உயர்த்திக்கொண்டு கத்துவாள்:

“நிப்பாட்டு!”

இப்போது நின்றோம். ஒருத்தி பாக்கியில்லாமல் நின்றோம். கையை உதறினோம், கோபுரத்தைப் பார்த்தோம். முத்துவின் பங்குக் கட்டுகளில் ஆளுக்குக் கொஞ்சம் உருவிக்கொண்டு வந்து எங்களுடையதோடு சேர்த்து அடித்தோம். அக்காவுக்கு முன்னால் இருந்த கட்டு தானாகக் கரைவது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. கேட்கவில்லை. அண்ணாச்சியும் சாயங்காலங்களில் வந்து அவள் பின்னால் நிற்பார். அந்தப் பென்சில்களைப் பார்ப்பார். இறங்கிப் போய்விடுவார். ஒருநாள் மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

முத்துவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிக்கொண்டு போனேன். மணிக்கட்டில் நரம்பு அமுங்கியிருக்கிறது, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். மணிக்கட்டு மடங்காதபடி ஒரு பட்டை கட்டிவிட்டார். கையை வேலையிலிருந்து விலக்கி வைக்கச் சொன்னார். பொங்கல் கழிந்து அவள் விரல்களில் உணர்ச்சி திரும்ப ஆரம்பித்தது. தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக் காட்டிவிட்டு, “ஜில்லுன்னு இருக்குக்கா” என்றாள் அக்காவிடம். வெறும் குழாய்த் தண்ணீர்தான்.

அக்கா அந்தச் செம்பைத் தொட்டுப் பார்க்க முயலவில்லை. அவள் கைகள் அதற்குள் முழங்கை வரை வீங்கியிருந்தன. கழிவறைத் தாழ்ப்பாளைத் திறக்க முடியாமல் உள்ளிருந்து எங்களைக் கூப்பிட்டாள் ஒருநாள். நாங்கள் வெளியிலிருந்து தள்ளித் திறந்தோம். வெளியே வந்தவள், “பூட்டு ரொம்பத் திமிரு பிடிச்சது” என்று சொல்லிவிட்டு நேரே போய்ப் பென்சிலைக் கட்டச் சொன்னாள். மாட்டேன் என்றேன். “கட்டுட்டி. கெட்டுப்போவ இனி இதுல ஒண்ணுமில்ல” என்றாள். கட்டினேன்.

பட்டியல் முடிந்தது. அண்ணாச்சி எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கே அக்காவிடம், “போதும்மா. நீ வீட்டுல இருந்து ஒடம்பப் பாரு. இங்கன இருந்தா ஒனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்” என்றார். அவர் மருமகன் ஒருவன் மேற்பார்வைக்கு வந்தான். வந்த முதல் நாளே மணைப்பலகைகளைத் திருப்பிக் கொடுத்தான், செங்கல்களை எடுத்தான். மேசைக்கால்களை மட்டும் அவனால் வளர்க்க முடியவில்லை. எங்களுக்குப் பிறகு அங்கே வந்து போன பிள்ளைகள் பலர். அந்த மேசைகள் ஏன் குட்டையாக இருக்கின்றன என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கழுத்து வலிக்காமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

முத்து அடிக்கிற வேலையை விட்டுவிட்டு ஸ்ரீவைகுண்டத்திலேயே ஒரு டெலிபோன் பூத்தில் சேர்ந்தாள். அவளும் நானுமாக ஒருநாள் அக்காவைப் பார்க்கப் போனோம். பஸ் இறங்கி, காற்று மணலை வாரி முகத்தில் அடிக்க, வீடு விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் பெண்கள் வலையில் கிழிசல் முடைந்துகொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா உட்கார்ந்து, “ஏ கெழவி, தோளத் தூக்காத! எத்தன மட்டம் சொல்லுதேன்!” என்று ஓர் அம்மாளை விரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சுற்று இளைத்திருந்தாள். கை இரண்டும் மடியில் கிடந்தன.

எங்களைப் பார்த்ததும் முதல் கேள்வி, “கை எப்பிடிட்டி இருக்கு?”

“நல்லாருக்குக்கா.”

“என் வெரலப் பிடி. பலமா பிடி.”

முத்து பிடித்தாள்.

“பிடிச்சிட்டியா?”

“பிடிச்சிருக்கேன்க்கா. நல்லா இறுக்கிப் பிடிச்சிருக்கேன்.”

“எனக்குத் தெரியலட்டி.” அக்கா குனிந்து பார்த்தாள். முத்துவின் விரல் மூட்டுகள் இறுகி வெளுத்திருந்தன. அதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. “சேசு மரி சூசையே! என்னா பிடி! விடுட்டி, ஒடச்சிராத.”

கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். அண்ணன் மனைவி கிளாசை அக்காவின் வாய்க்கு நேரே பிடித்தாள். பம்பாயிலிருந்து யாராவது வந்தார்களா என்று முத்து கேட்டாள். அக்கா தலையை ஆட்டினாள், இல்லை என்று. பிறகு பேச்சை மாற்றி, பூத்தில் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு எழுதுகிறாயா என்று முத்துவை ஒரு பிடி பிடித்தாள். ஆமாம் என்று ஒப்புக்கொண்டவளுக்குக் கிடைத்த ஏச்சில் வலை முடைகிற பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

வெயில் தாழ்ந்தது. கிளம்ப எழுந்தபோது அக்கா என்னைப் பார்த்துத் தயங்கினாள். அவள் தயங்கி நான் பார்த்ததில்லை.

“ஏட்டி, ஒரு ஒதவி செய்யுதியா? மதினி பாவம், அவளுக்கு ஆயிரம் வேல. அவசரத்துல இழுத்து இழுத்துத் தல வாருதா. வலிக்கு. நீ கொஞ்சம் வாரி விடுதியா?”

கடற்காற்றில் அவள் தலைமுடி திரிதிரியாகப் பின்னிக் கிடந்தது. சீப்பை வாங்கிக்கொண்டு பின்னால் நின்றேன். வலிக்காமல் ஒவ்வொரு சிக்காக எடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முத்து வாசலிலிருந்து, “பஸ் வந்துரும், வா” என்று கூப்பிட்டாள். சிக்கெல்லாம் எடுத்து முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. நான் வாரிக்கொண்டே இருந்தேன்.